நான்காம் வரியின் எழுத்தாளர்

சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒருவர் ஒரு நாளில் படிக்கின்ற தமிழில் பெரும்பகுதிக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி அருகே ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பு, பலதுறை மருந்தகத்தில் கையில் தரப்படும் மடிப்பிதழ், சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடையின் விளம்பரம், நகைக்கடையின் தீபாவளித் தள்ளுபடி குறித்துக் கைப்பேசியில் வந்து விழும் நான்கு வரி ஆகிய இவையே அவர்தம் அன்றாட வாசிப்பு. கதையும் கவிதையும் வாரத்திற்கு ஒருமுறை, அதுவும் விரும்பித் தேடுவார்க்கு மட்டுமே. எனினும் திறனாய்வு என்ற பெயரால் இந்நாட்டில் நிகழ்ந்துள்ள முயற்சிகள் ஏறத்தாழ அனைத்தும் பெயருள்ள எழுத்தைப் பற்றியனவே. பெயரற்ற எழுத்தோ, "அஃது இலக்கியமா?" என்னும் ஒரே வினாவால் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டுவிடுகின்றது.

பொது அறிவிப்புகளில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்னும் வரிசையே பெரிதும் காணப்படுவது. அவ்வரிசையில் தமிழுக்குரிய இடம் நான்காம் வரி. அந்த நான்காம் வரியை எழுதுகின்றவர் யார், அவர் எவ்வாறு அத்தொழிலுக்கு வருகின்றார், வந்தபின் அவருடைய தமிழ் என்னவாகின்றது என்பன திறனாய்வுக்கு அயலான வினாக்கள் அல்ல. ஏனெனில் இன்று எழுத்தால் ஓரளவேனும் வருவாய் பெற விரும்பும் இளைஞர் முதலில் தட்டுகின்ற கதவு பத்திரிகை அலுவலகத்தின் கதவன்று. இணையத்திற்கு எழுத்து வழங்குகின்ற உள்ளடக்க நிறுவனத்தின் கதவே அது. கதவு என்பதும் உபசாரமே. நிறுவனத்தாரை ஒருமுறைகூட நேரிற் காணாமல் ஆண்டுக்கணக்கில் அவர்களுக்கு எழுதுவோர் உளர்.

தொடக்கம் எளிதாகவே இருக்கின்றது. சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று வெளிவந்த பட்டதாரியோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் சில மணி நேரம் வாய்க்கப்பெற்ற இல்லத்தரசியோ விண்ணப்பிக்கின்றார். முந்நூறு சொற்களில் ஒரு மாதிரி எழுத்துக் கேட்கப்படுகின்றது. அதற்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. மாதிரி ஏற்கப்பட்டால் முதல் வேலை வருகின்றது. அது கட்டுரையாக இருப்பது அரிது. ஆங்கிலத்தில் முன்னரே எழுதி, வாடிக்கையாளர் ஒப்புதல் பெற்று, படமும் பக்க வடிவமும் முடிவுசெய்யப்பட்ட ஒன்றைத் தமிழாக்குவதே அவ்வேலை. நாளை மாலைக்குள் வேண்டும் என்பது அதனுடன் வரும் ஒரே விளக்கம். யார் படிக்கப் போகின்றார்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. கேட்டால், "தமிழர்கள்தாம்" என்று விடை வரும்.

கூலிக்கு எழுதுவது எழுத்தாளரைக் கெடுக்கும் என்பார் ஒரு சாரார். சங்கக் கூட்டங்களில் இக்கருத்துக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இத்தீவில் எழுத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அராபிய மரபும் தமிழ் முஸ்லிம் மரபும் கலந்த குடும்பத்தினர். மலாக்கா வணிகர் கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் வேண்டியிருந்த காலமாதலின் இளமையிலேயே தமிழும் கற்பிக்கப்பட்டவர். ராஃபிள்சுக்கு எழுத்தராக இருந்தார். சிங்கப்பூர் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் இங்கு வந்து வணிகர்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்கார வணிகர்க்கும் பாதிரிமார்க்கும் மலாய் கற்பித்தார். அவர் எழுதிய கடிதங்களில் கையொப்பம் பிறருடையது. பொருளும் பிறருடையது. அவருடையதாக இருந்தது சொல் மட்டுமே. அந்தப் பயிற்சியில் ஊறிய கைதான் 1849இல் வெளிவந்த 'ஹிக்காயத் அப்துல்லா'வை எழுதியது. தற்கால மலாய் உரைநடையின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்நூல் மதிக்கப்படுகின்றது. அரசவைகளின் கதையே எழுத்தாக இருந்த காலத்தில், கண்ட தெருவையும் கண்ட மனிதரையும் தம் பெயரால், தம் குரலால் எழுதத் துணிந்தவர் அவர். பலருக்காக, பல நோக்கங்களுக்காக நாளெல்லாம் எழுதியவர்க்கே அத்தகைய கண் வாய்த்தது என்று கருத இடமுண்டு.

தமிழ்நாட்டுச் சான்றுகள் பலரும் அறிந்தவை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியாருக்கு வாய்த்த வேலையின் பெரும்பகுதி ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்பது. புதுமைப்பித்தன் தினமணியில் செய்த வேலையும் அத்தகையதே. அவ்வலுவலகங்களில் ஊதியம் போதாமை இருந்தது, மனக்கசப்பு இருந்தது. ஆயினும் மொழி அங்கே மழுங்கவில்லை, கூர்மையடைந்தது.

இந்நாட்டிற்கே உரிய சான்று ஒன்று இவற்றினும் வலியது. அமெரிக்காவின் நாணயத்தை டாலர் என்னும் தமிழ்நாட்டார் சிங்கப்பூரின் நாணயத்தையும் டாலர் என்றே வழங்குவர். இங்குள்ள தமிழரோ வெள்ளி என்பர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீவக ஆனதும், மத்திய சேம நிதி மசே நிதி ஆனதும், சமூக மன்றம், உணவங்காடி நிலையம், கடைத்தொகுதி, பலதுறை மருந்தகம் ஆகியன நாவிற் பழகியதும் யாரால்? இச்சொற்களைப் பரப்பி நிலைநிறுத்தியவர்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் அரசாங்க மொழிபெயர்ப்பு மேசைகளிலும் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. சிங்கப்பூர்த் தமிழ் என ஒரு தனி வழக்கு உண்டெனில், அதன் சொற்களஞ்சியத்தை நிரப்பியதில் சிறுகதை ஆசிரியர்களைவிட இவர்களின் பங்கே மிகுதி. கூலி எழுத்து மொழியைக் கெடுக்கும் என்னும் வாதம் இந்த ஒரு சான்றின் முன்னரே தளர்ந்துவிடுகின்றது.

வானொலியிலிருந்து இலக்கியமாகவே நிலைத்துவிட்ட ஒன்றையும் காட்டலாம். புதுமைதாசன் என்னும் பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் வானொலியிற் பணியாற்றியவர், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1969ஆம் ஆண்டை ஒட்டி வாரந்தோறும் ஒலிபரப்பாகி 52 பகுதிகள் வளர்ந்த 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' அவருடையது. கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்து கொண்டிருந்த ஒரு சமுதாயம் தன்னைத்தானே அதில் கேட்டுச் சிரித்தது. வாரக்கெடுவுக்கு எழுதப்பட்டது, ஒலிபரப்பு நேரத்திற்கு அளந்து எழுதப்பட்டது. இக்கட்டுகள் எவையும் அதனைச் சாகடிக்கவில்லை. காரணம், எழுதியவர் காதில் அண்டை வீட்டார் பேச்சு இருந்தது.

ஆனால் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறைத்துவிடலாகாது. பத்திரிகையிலும் வானொலியிலும் எழுதியவர்க்குப் பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். பிழை திருத்துபவர் இருந்தார். "இது யாருக்கு விளங்கும்?" என்று கேட்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு செய்தித்தாளாக மட்டும் இருக்கவில்லை, பலருக்கு எழுதுவதற்கான பள்ளியாகவும் இருந்தது. அதற்கும் மேலாக, 1950–51இல் கோலாலம்பூர்த் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். 1952 முதல் 1957 வரை அவ்விதழில் இருந்த கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளர்களை ஒன்றுகூட்டி இலக்கிய விவாதம் வளர்த்தார். அக்காலத் தொடக்க எழுத்தாளர்க்குப் பணம் கிடைத்ததோ இல்லையோ, திருத்தம் கிடைத்தது. இக்காலத் தொடக்க எழுத்தாளர்க்குப் பணம் கிடைக்கின்றது, திருத்தம் கிடைப்பதில்லை. நிறுவனத்தில் அவருடன் மடல் தொடர்பில் இருப்பவர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். வந்த எழுத்து குறித்த நேரத்தில் வந்ததா, பெட்டிக்குள் அடங்கியதா என்பன மட்டுமே அவர் காண வல்லவை. தமிழ் நன்று என்று சொல்லவும் அவரால் இயலாது, தீது என்று சொல்லவும் இயலாது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2017ஆம் ஆண்டின் தேசிய தின அணிவகுப்பையொட்டி வெளியிடப்பட்ட கையேடு ஒன்று சான்று. அதில் தமிழ் எழுத்துகள் சிதைந்து பொருளற்ற கோடுகளாக அச்சேறின. பின்னர் வருத்தம் தெரிவிக்கப்பட்டது, திருத்தமும் செய்யப்பட்டது. அத்தகைய பிழைகளைக் கண்டு சினப்பதும் நகைப்பதும் தமிழர்க்கு எளிது. எழுத்துச் சிதைவு கண்ணுக்குத் தெரிகின்ற பிழை. எழுத்துச் சரியாக அமைந்து, இலக்கணமும் பிழையின்றி, வாக்கியம் மட்டும் உயிரற்றுக் கிடக்கும் பக்கங்களே பெருந்தொகையின. அவற்றைக் குறித்து எவரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.

அவ்வுயிரின்மை எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராயப் புகுந்தால், இலக்கணத்தை விட்டு முதலிற் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கின்றது. எழுத்துக்குரிய ஊதியம் சொல்லை எண்ணித் தரப்படுகின்றது. ஆங்கிலச் சொல்லை எண்ணித் தருவோரும் உளர், தமிழ்ச் சொல்லை எண்ணித் தருவோரும் உளர். தொடக்க எழுத்தாளர் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை முதல் மாதக் கணக்கு வந்தபின்னரே உணர்கின்றார். ஆங்கிலத்தில் ஏழு சொற்களில் வருகின்ற ஒரு வாக்கியம் தமிழில் "அவரால் வர இயலாது" என மூன்றே சொற்களில் முடிந்துவிடும். உருபும் விகுதியும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்கும் மொழி தமிழ். அதனைச் சொல்லெண்ணி விலை பேசினால், செட்டாக எழுதுபவர் இழப்படைவார், நீட்டி எழுதுபவர் ஊதியம் பெறுவார்.

இது வெறும் பணச் சிக்கலாக நின்றுவிடவில்லை என்பதே திறனாய்வாளர் கவனிக்க வேண்டுவது. "செய்துகொண்டிருக்கின்றார்கள்" என்பது ஒரு சொல். அதனைச் "செய்து கொண்டு இருக்கின்றார்கள்" என உடைத்தால் மூன்று. "வழங்கப்பட்டுள்ளது" ஒன்று. "வழங்கப் பட்டு உள்ளது" மூன்று. இணையத் தமிழில் சொற்கள் காரணமின்றி உடைந்து கிடப்பதைக் கண்டு புணர்ச்சி அறியாமை எனப் புலவர் கடிந்துகொள்வர். ஒரு பகுதி அறியாமைதான். மற்றொரு பகுதி கணக்கு. சொல்லின் விலை சொல்லின் வடிவத்தையே மாற்றிவிடும் இவ்விந்தை தமிழ் உரைநடை வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. ஆங்கிலச் சொல்லை எண்ணித் தருகின்ற முறையில் இக்கேடு குறைவு. தொடங்குகின்றவர் ஒப்பந்தத்தில் முதலிற் பார்க்க வேண்டிய வரி இதுவே.

விலைக்கு அடுத்தது தேடுபொறி. வாடிக்கையாளர் ஒரு சொற்றொடரைத் தந்து அதனைப் பக்கத்தில் இத்தனை முறை அமைக்க வேண்டுமென்பார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எவ்விடத்தும் ஏறத்தாழ ஒரே உருவில் நிற்கும். தமிழில் வீடு என்பது வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என உரு மாறும். உரு மாறினால் தேடுபொறிக்குத் தெரியாமல் போய்விடுமோ என அஞ்சி, மாறாமலே வைக்கச் சொல்கின்றனர். அதன் பயனாகச் "சிங்கப்பூர் வீடு வாடகை தேடுவோர்" என்றாற்போல, வேற்றுமை உருபுகளை இழந்து தந்திச் செய்தி போல் நிற்கும் தொடர்கள் பிறக்கின்றன. தேடுபொறிகள் சொல்லின் உருபேற்ற வடிவங்களை முன்னைவிட நன்கு அடையாளங்காண்கின்றன எனினும், பழைய அறிவுரை மட்டும் நிறுவனங்களில் மாறாமல் நிலைத்திருக்கின்றது.

இடப்பெயர் ஒன்றைக் கொண்டே இதனை விளக்கலாம். 1915 முதல் இருந்த கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் சாலையின் மறுபுறம் புதுக் கட்டடத்திற்கு மாறியபோது, அதற்குச் சீன உச்சரிப்பில் ஜூஜியாவ் எனப் பெயர் வைக்கப்பட்டது. மக்கள் அப்பெயரை ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்னும் பழைய பெயரே மீண்டது. அதிகாரபூர்வமான பெயரைப் பேச்சு வென்ற நிகழ்ச்சி அது. வட்டாரம் முழுமைக்கும் லிட்டில் இந்தியா என்பது சுற்றுப்பயணிகள் அறிந்த பெயர், 2003இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் பெயரும் அதுவே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்குக் கூடுகின்ற புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டத்துத் தொழிலாளி, "தேக்காவுக்குப் போகிறேன்" என்றே சொல்வார். மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் மூதாட்டியும் அவ்வாறே சொல்வார். பஃப்ளோ ரோட்டில் உள்ள ஒரு கடைக்கு விளம்பரம் எழுதுகின்றவர், தரப்பட்ட சொல் லிட்டில் இந்தியா என்பதால் அதனையே நான்கு முறை எழுதிவிட்டுச் செல்லலாம். அவ்வாறு எழுதினால் வேலை முடிந்தது. ஒருமுறையேனும் தேக்கா என்று எழுதினால்தான் படிப்பவர் தம்மிடம் பேசப்படுவதாக உணர்வார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்குத் தோன்றாத இச்சிறு மாற்றத்தை எழுத்தாளர் தாமே வாதாடித்தான் பெற வேண்டியிருக்கின்றது.

படிப்பவர் யார் என்னும் வினா இங்கே கடுமையாகின்றது. 2020ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் இது 3.3 விழுக்காடு. நான்காம் வரியைத் தேவையோடு படிப்பவர்களுள் ஒரு பெரும்பகுதியினர் இக்கணக்கில் சேராத வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆக ஒரே வரியை இரு வேறு தமிழர் படிக்கின்றனர். ஒருவருக்கு வெள்ளி என்றால் பணம். மற்றவருக்கு வந்திறங்கிய முதல் வாரத்தில் வெள்ளி என்றால் கொலுசு, அல்லது கிழமை.

2020 ஏப்ரலில் இது வேடிக்கையாக இல்லை. தொழிலாளர் தங்கும் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அறைகளை விட்டு வெளியேற இயலாதிருந்த காலம் அது. கைகழுவுதல், பரிசோதனை, சம்பளம், ஊருக்குப் பணம் அனுப்புதல் ஆகிய யாவும் தமிழில் உடனுக்குடன் சொல்லப்பட வேண்டியிருந்தன. இங்குள்ள ஊடகம் கிருமி என்றது. தொழிலாளி கைப்பேசியில் ஊரிலிருந்து வந்த செய்தியெல்லாம் வைரஸ் என்றது. அரசாங்கம் அந்நாளில் மேற்கொண்ட கட்டுப்பாடுகளுக்கு ஆங்கிலத்தில் சர்க்கிட் பிரேக்கர் எனப் பெயர். மின்சாரத் தொடர்பான அவ்வுருவகத்தை அப்படியே பெயர்த்திருந்தால் தமிழில் எவருக்கும் விளங்கியிராது. கிருமிப் பரவலை முறியடிக்கும் நடவடிக்கை என்ற வகையில் சிங்கப்பூர்த் தமிழ் ஊடகம் அதனை எழுதியது. சொல்லைக் கைவிட்டுப் பொருளைப் பற்றிக்கொண்ட அந்தத் தீர்மானம், நூறு பக்க மொழிபெயர்ப்புக் கோட்பாட்டிற்கு ஈடானது. அச்சத்தோடு கட்டிலில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஒருமுறை படித்தவுடன் விளங்கிக்கொள்ளும் வாக்கியத்தை எழுதுவது எளிய கலையன்று. சிறுகதையின் இறுதி வரியை எழுதுவதற்கு வேண்டிய கவனம் அதற்கும் வேண்டும்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அத்தொழிலாளர்க்கு விளங்கும் தமிழை மிக நன்றாக எழுத வல்லவர் அவர்களுள்ளேயே இருக்கின்றனர். 2014இல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியில் தமிழ்த் தொழிலாளரும் பங்குபெற்று வந்துள்ளனர். ஆயினும் வேலை அனுமதியில் உள்ளவர், தம் முதலாளியிடம் செய்யும் வேலையன்றிப் பிற ஊதியப் பணி செய்யச் சட்டம் இடந்தராது. எனவே தம்மைப் போன்றோர்க்கான அறிவிப்பை அவர் படிக்கலாம், கூலிக்கு எழுத இயலாது. எழுதுகின்றவர் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு அவரைக் கற்பனை செய்துகொள்கின்றார்.

அண்மையில் எழுதுகின்றவரும் முழுமையாக எழுதுவதில்லை. கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில் தமிழ் 2011இல் சேர்ந்தது. 2022இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு உரையாடற் கருவிகள் பரவலான பின், தொடக்க எழுத்தாளர்க்குத் தரப்படும் முதல் வேலை பெரும்பாலும் பொறி எழுதியதைத் திருத்துவதாகிவிட்டது. திருத்தத்திற்குரிய விலை எழுத்துக்குரிய விலையினும் குறைவு. பொறியின் தமிழ் பிழையற்றதாகவே தோன்றும். "கைகளை நன்றாகக் கழுவுங்கள்" என்பதற்கு "உங்கள் கைகளை நீங்கள் நன்கு கழுவுவதை உறுதிசெய்யுங்கள்" என்று எழுதும். தேவையில்லாத இடத்தில் "ஒரு" வைக்கும். செய்வினை நிற்க வேண்டிய இடத்தில் "ஆல் செய்யப்படுகின்றது" என்னும். இவற்றைக் கண்டு பொறியைப் பழிப்போர், அது யாரிடம் கற்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதர் எழுதி இணையத்தில் இட்ட பக்கங்களே அதன் பாடநூல். எவரும் திருத்தாத, எவரும் மதிப்பிடாத நான்காம் வரித் தமிழும் அப்பாடநூலில் அடங்கும். உறுதிசெய்யும் நோய் மனிதரிடமிருந்தே பொறிக்குத் தொற்றியது.

இந்நிலையில் தொடங்குவோர்க்கு மலிவாகக் கிடைப்பது ஊக்கமூட்டும் அறிவுரை. எழுத்தும் ஒரு சரக்கு, விரைவாக எழுதுவோரே வெல்வர், வாடிக்கையாளர் விரும்பியதைத் தருக என்பது அதன் சாரம். கூலி எழுத்தை இகழ்கின்ற சங்கத்தாரைப் போலவே இவர்களும் ஒரு பக்கத்தையே பார்க்கின்றனர். அன்னார்க்குப் பெயரில்லாதது எழுத்தன்று, இவர்க்கு விலையில்லாதது எழுத்தன்று. தமிழ்ப் பக்கத்தை மதிப்பிட வல்லவர் எவரும் இல்லாத சந்தையில், நன்றாக எழுதியவர்க்கும் தீதாக எழுதியவர்க்கும் ஒரே விலை என்பதை இரு சாராருமே கண்டுகொள்ளவில்லை. விரைவு ஒன்றே அளவுகோலாக எஞ்சுவதன் காரணமும் அதுவே.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துள்ளது. சுயதொழில் செய்வோரை அமர்த்துவோர் பணியையும் ஊதியத்தையும் அது தரப்படும் நாளையும் எழுத்தில் தர வேண்டுமென்னும் முத்தரப்புத் தர வரையறை 2018இல் வந்தது. ஊதியம் தராதோர் மீது 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றியே தொடுக்கலாம். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், தம் படைப்பு பொதுவிற் பயன்படுத்தப்படும்போது படைப்பாளர் அடையாளங்காட்டப்படும் உரிமையைப் புதிதாக வழங்கியது. ஆனால் அவ்வுரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்கவும் இயலும். நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் அதனைக் கேட்டுப் பெறுகின்றன, தொடங்குகின்றவர் கையொப்பமிடுகின்றார். அறிவிப்புப் பலகையில் தம் பெயர் பொறிக்கப்பட வேண்டுமென்று எவரும் வழக்காடப் போவதில்லை. அஃது உண்மையே. ஆயினும் பெயரோடு சேர்ந்து பொறுப்பும் போய்விடுகின்றது என்பதும் உண்மை.

தமிழ் இணையத்தின் தொடக்கத்தோடு இந்நகர்க்குள்ள உறவை எண்ணும்போது இக்குறை மேலும் உறுத்துகின்றது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் தோன்றியது 1976இல். அடுத்த ஆண்டே நா. கோவிந்தசாமி இலக்கியக் களத்தைத் தொடங்கினார். இதழ்களில் வந்த சிறுகதைகளை எடுத்து விவாதித்து, நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் முகத்திற்கு நேரே சொன்ன அமைப்பு அது. அதனாற் பகை சேர்ந்தது, கதைகளும் திருந்தின. அதே கோவிந்தசாமிதான் பின்னாளில் கணினியில் தமிழை ஏற்றும் பணியிற் கலந்துகொண்டார். 1995 அக்டோபர் 27ஆம் நாள் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் தோன்றிய முதற் காட்சிகளுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. 1999இல் அவர் மறைந்தார். எழுத்துருவையும் திறனாய்வையும் ஒரே மனிதர் கையில் வைத்திருந்தார். எழுத்துரு திரைக்குச் சென்றது. திறனாய்வு அதனைப் பின்தொடரவில்லை.

இலக்கியக் களம் சிறுகதைக்குச் செய்ததை நான்காம் வரிக்கும் செய்வதில் தடையொன்றும் இல்லை. மாதக் கூட்டத்தில் கதையோடு கூட ஒரு மடிப்பிதழையும், ஒரு கடையின் இணையப் பக்கத்தையும், ஓர் அறிவிப்பையும் மேசைமேல் வைத்து வரி வரியாகப் படிக்கலாம். எங்கே ஆங்கிலத்தின் எலும்பு துருத்துகின்றது, எங்கே ஒரு சொல் தேக்காவிற் கேட்டது போல் ஒலிக்கின்றது, எந்த வாக்கியத்தைப் புதுக்கோட்டையிலிருந்து நேற்று வந்தவர் மறுமுறை படிக்க வேண்டியிருக்கும் என்று பேசலாம். சரியாக எழுதப்பட்ட ஒன்று அகப்படுமாயின் அதனையும் பாராட்டலாம். அத்தகையவை அரியனவாயினும் இல்லாமல் இல்லை. அப்போது அரங்கின் பின்வரிசையில் அதனை எழுதியவரே அமர்ந்திருக்கக் கூடும். ஒப்பந்தத்திலுள்ள இரகசிய விதிக்குக் கட்டுப்பட்டவராதலின், அது தம்முடையது என்று அவர் எழுந்து சொல்ல முடியாது. வீடு திரும்பும் வழியில், நாளை மாலைக்குள் முடிக்க வேண்டிய அடுத்த பக்கத்தில் எந்த "உறுதிசெய்யுங்கள்" என்பதை நீக்கலாம் என்று எண்ணிக்கொண்டு செல்வார்.